வாடையிலும் நிற்காத கிழமைத் தவணை: மூதூர் வாசகிக்கு ஒரு சட்டத்தரணியின் பதில்

கடிதம், சுருக்கமாக

எழுதியவருக்கு வயது 37. திருகோணமலை மாவட்டம், மூதூர்ப் பக்கம் ஒரு கரையோரக் கிராமம். பெயரையும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் நீக்கியிருக்கிறேன். 2006 இல் சண்டை மூண்டபோது இடம்பெயர்ந்து, பல வருடம் முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய குடும்பம். கணவர் அடுத்தவரின் படகில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவர். இவர் விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். மூன்று பிள்ளைகள். மூத்தவள் சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கிறாள்.

முதல் லோன் 2021 கடைசியில், பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கும் நுண்கடன், 60,000 ரூபா. "வட்டி 24 வீதம்தான்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆவணச் செலவு, காப்புறுதி என்று கழித்துக் கையில் தந்தது 57,000. கிழமைக்கு 1,488 ரூபாவாக 50 கிழமை. ஒன்றும் பிந்தாமல் கட்டி முடித்தார். உடனே அடுத்த சுற்றுக்குப் பெரிய தொகை கொடுத்தார்கள். வாடை தொடங்கிப் படகுகள் கரையில் கிடந்தபோது தவணைக்காக இரண்டாவது கம்பனி, அந்தத் தவணைக்காக மூன்றாவது கம்பனி. இன்று மூன்றுக்குமாகக் கிழமைக்கு 5,000 ரூபா. போதாததற்கு ஊரில் ஒருவரிடம் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 50,000. அவர் வெற்றுத் தாளில் கையெழுத்தும், அஸ்வெசும (அரசின் நலன்புரி உதவி) காசு வரும் வங்கி அட்டையும் வாங்கி வைத்திருக்கிறார். தாலிக்கொடி அடகில். மூன்றாவது லோன் கணவருக்குத் தெரியாது.

தவணை எடுக்க வரும் பொடியன் ஒருவன் இரவு எட்டரை வரை வாசலில் இருக்கிறானாம். "பொலிஸைக் கொண்டு வருவேன்" என்கிறான். வேறு விதமாகவும் ஒரு நாள் பேசியிருக்கிறான். அதை இங்கே எழுதவில்லை. இப்போது ஒரு தரகர், காணிப் பெர்மிட்டை (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்) வைத்து ஐந்து இலட்சம் எடுத்துத் தருவதாகவும், எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைக்கலாம் என்றும் சொல்கிறார். மச்சாள், "சவூதிக்குப் போய் இரண்டு வருடம் நில்" என்கிறார். 2018 இல் அரசாங்கம் லோன்களைத் தள்ளுபடி செய்ததாம், அதைச் சொல்லிக் கட்டாமல் விடலாமா என்றும் கேட்கிறார். "கணக்குத் தெரியாமல் வாங்கினது நான்தான் அக்கா, பிழை முழுக்க என்னில்தான்" என்று முடிகிறது கடிதம்.

பதில்

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் நடுவில் ஒரு வரி இருக்கிறது. "நான் இல்லாமல் போனால் காப்புறுதியில் லோன் கழியுமாம்" என்று. சட்டம் எல்லாம் பிறகு பேசுவோம், முதலில் இது. இந்த எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால் இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் சேவை அது. மூதூர் தள வைத்தியசாலைக்குப் போய், நித்திரை வருவதில்லை, இப்படி யோசனை வருகிறது என்று சொன்னாலும் போதும். உங்கள் கடன் முழுவதையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இது தீர்க்கக்கூடிய கடன். நேரம் எடுக்கும், சில பேருடன் முகம் முறிய வேண்டிவரும். ஆனால் உங்கள் உயிர் இந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் வராது.

அந்த 24 வீதம்

பிழை முழுக்க உங்களில் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, கணக்கைப் பார்ப்போம். 60,000 க்கு 24 வீதம் 14,400. மொத்தம் 74,400. ஐம்பதால் பிரித்தால் 1,488. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் 60,000 ரூபா வருடம் முழுக்க உங்கள் கையில் இருக்கவில்லையே. முதல் கிழமையே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். இருபத்தைந்தாவது கிழமையில் சரிபாதி கட்டியாகிவிட்டது. அப்போதும் வட்டி போடப்பட்டது முழு 60,000 க்கும்தான். சராசரியாகப் பார்த்தால் உங்களிடம் இருந்தது கிட்டத்தட்ட 30,000. அதற்கு 14,400 வட்டி என்றால் 48 வீதம். முன்கூட்டியே கழித்த 3,000 ரூபாவையும் சேர்த்துச் சரியாகக் கணக்கிட்டால் வருட வட்டி 57 வீதத்துக்குப் போகிறது. வட்டிக்கு வட்டி சேர்த்துப் பார்க்கும் முறையில் 76 வீதத்துக்கும் மேல்.

இதை ஒரு கணக்காளரிடம் கொடுத்தால் அவரும் பேனையை எடுத்துக் கொஞ்ச நேரம் இருந்துதான் சொல்வார். சென்டரில், அதாவது குழு கூடித் தவணை கட்டும் இடத்தில், பாயில் இருத்தி, பத்துப் பேருக்கு ஒன்றாகக் கையெழுத்து வாங்கும் இடத்தில் உங்களுக்கு எப்படித் தெரியும்? இது உங்கள் படிப்பறிவுப் பிரச்சினை அல்ல. விலையை மறைத்து விற்ற ஒரு பொருளை வாங்கியிருக்கிறீர்கள்.

நுண்கடன்களுக்கு வருடத்துக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பை மத்திய வங்கி 2018 இல் தன் மேற்பார்வையில் உள்ள நிறுவனங்களுக்கு விதித்தது. உங்களுடைய மூன்று கம்பனிகளும் எந்த அனுமதியில் நடக்கின்றன, ஒவ்வொரு கடனும் எந்தத் திகதியில் எடுத்தது என்பதைப் பொறுத்து அந்த வரம்பு பொருந்துமா என்று பார்க்க வேண்டும். அதனால்தான் ஒப்பந்தப் பிரதிகள் எனக்கு முக்கியம். கையில் இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்ததாகச் சொல்கிறீர்கள். 2023 இல் வந்த நிதி வாடிக்கையாளர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் மத்திய வங்கியின் கீழ் வரும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. விளங்கும் மொழியில் விவரம் கேட்கவும், மிரட்டல் இல்லாத முறையில் கடன் அறவிடும்படி கேட்கவும் அவற்றின்படி உங்களுக்கு இடம் உண்டு.

உள்ளே போடுவார்களா?

மாட்டார்கள். லோன் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல, அது குடியியல் விவகாரம். கம்பனி செய்யக்கூடியது வழக்குப் போடுவது. வழக்கில் தீர்ப்பு வந்த பிறகு அதை நிறைவேற்றும் வழிகள் சட்டத்தில் உண்டு. அவையும் நீதிபதியின் கட்டளையோடுதான் நடக்கும், மோட்டார் சைக்கிளில் வரும் பொடியனின் வாயால் நடக்காது. ஒப்பந்தக் கடனைக் கட்ட இயலாமைக்காக மட்டும் ஒருவரைச் சிறையிலிடக் கூடாது என்று சொல்லும் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980 இலேயே சேர்ந்துவிட்டது.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம். ஒன்று, காசோலை. கணக்கில் காசில்லாத காசோலை திரும்பினால், 1990 ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டத்தில் அது குற்றமாகும். யார் கேட்டாலும் திகதி போடாத காசோலை கொடுக்காதீர்கள். மற்றது, நீதிமன்ற அழைப்பாணை. வந்தால் பயந்து அலுமாரிக்குள் வைக்காதீர்கள். நீங்கள் போகாவிட்டால் மற்றப் பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு விழும். அதற்குப் பிறகு வந்து என்னைப் போன்றவர்களிடம் அழுபவர்கள்தான் அதிகம்.

இரவு எட்டரை வரை வாசலில் இருப்பதற்கும், உங்களிடம் அப்படிப் பேசுவதற்கும் எந்த ஒப்பந்தமும் உரிமை கொடுக்கவில்லை. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவில் குற்றம். சொல்லாலும் அது நடக்கும், கை பட வேண்டும் என்று இல்லை. 2018 இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, கடன் அறவிட வருகிறவர்கள் பெண்களைப் பாலியல் ரீதியாக நெருக்குவதைப் பற்றித் தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார். நீங்கள் முதல் ஆள் இல்லை, உங்களைத் தப்பாகப் பேச யாருக்கும் இடமும் இல்லை. நாள், நேரம், சொன்ன சொல், பக்கத்தில் நின்றவர் யார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். வட்ஸ்அப் குரல் செய்திகளை அழிக்காதீர்கள். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவுக்குப் போங்கள், தனியே போகாதீர்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. விளங்காத மொழியில் எழுதினதில் ஒப்பம் வைக்க வேண்டாம்.

வெட்கமே பிணை

உங்களை உண்மையில் வாட்டுவது பொலிஸ் இல்லை, குழுவில் இருக்கும் மற்றப் பெண்கள் என்று நினைக்கிறேன். "அவளுடைய தவணையை நாங்கள் ஏன் கட்ட வேண்டும்" என்று கிணற்றடியில் கேட்டதை இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். வங்கி ஏழைகளுக்குக் கடன் கொடுக்காது, காரணம் அவர்களிடம் பிணை வைக்கக் காணி, நகை இல்லை. வங்காளதேசத்தில் முகம்மது யூனுஸ் 1983 இல் வங்கியாக்கிய கிராமீன் முறை இதற்குக் கண்ட வழி, ஐந்து பெண்களை ஒரு குழுவாக இருத்துவது. ஒருத்தி தவறினால் மற்றவர்கள் நெருக்குவார்கள். 2006 இல் அதற்கு நோபல் சமாதானப் பரிசும் கிடைத்தது. நோக்கம் கெட்டதென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏழைப் பெண்கள் திருப்பிக் கட்டுவார்கள் என்று தெரிந்ததும் வேறு ஆட்கள் வந்தார்கள். மெக்சிக்கோவில் 2007 இல் ஒரு நுண்கடன் வங்கி பங்குச் சந்தைக்குப் போய், முதல் போட்டவர்களுக்குக் கொள்ளை இலாபம். இந்தியாவின் ஆந்திராவில் 2010 இல் தற்கொலைகளுக்குப் பிறகு மாநில அரசு அவசரச் சட்டம் போட்டுக் கம்பனிகளைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. இங்கே 2009 க்குப் பிறகு பாதை திறந்ததும் லோன் கம்பனிகள் வடக்கு கிழக்குக் கிராமங்களுக்குள் புகுந்தன. வீடும் தொழிலும் இழந்து திரும்பியவர்களுக்குத் தேவைப்பட்டது நட்ட ஈடும், வலையும், விதைநெல்லும். கிடைத்தது லோன்.

வறுமைக்குக் காரணம் கையில் முதல் இல்லாததுதான், முதலைக் கொடுத்தால் எல்லாரும் முதலாளி ஆகலாம் என்பது இந்த வியாபாரத்தின் அடிப்படை நம்பிக்கை. உங்கள் ஒழுங்கையைப் பாருங்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இப்போது நாலு வீட்டில் இடியப்பம் அவிக்கிறார்கள், மூன்று வீட்டில் தையல் மெசின் இருக்கிறது என்று. எல்லாம் லோனில் வந்தவை. வாங்குகிற கை எத்தனை? கடைக்காரர் விலையைக் குறைக்கச் சொல்கிறார், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரியிடம் எடுக்கிறார். லோன் கூடக் கூட உங்களுக்குள்ளேயே போட்டி கூடியது, சாப்பிடுகிற ஆட்களின் வருமானம் கூடவில்லை. ஆறு நாடுகளில் நுண்கடனை முறைப்படி சோதித்துப் பார்த்த ஆய்வுகள் 2015 இல் ஒன்றாக வெளிவந்தன. சிலருக்குச் சிறு உதவி, ஆனால் சராசரி குடும்பத்தின் வாழ்க்கையை மாற்றியதற்கு ஆதாரம் இல்லை என்பதே அவற்றின் முடிவு. நீங்கள் கெட்டிக்காரியாக இல்லாததால் தோற்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு வட்டி ஏன் என்று கம்பனிகளைக் கேட்டால், பிணை இல்லாக் கடன், திரும்பி வராமல் போகும் ஆபத்து அதிகம் என்பார்கள். நல்லது. ஆபத்துக்கென்று விலை வாங்கியாகிவிட்டது. பிறகு கடல் கொந்தளித்து மீன் படாதபோது அந்த ஆபத்தை அவர்கள் கொஞ்சமாவது சுமக்க வேண்டாமா? வட்டியில் ஆபத்துக்கு விலையும் வாங்கி, ஆபத்தையும் உங்கள் தலையிலேயே வைப்பது இரட்டை வியாபாரம். வாடை ஒவ்வொரு வருடமும் வருகிறது. தை பிறக்கும்வரை கடலுக்குப் போவது குறைவு என்று இந்தக் கரையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே 50 கிழமையும் ஒரே தொகை என்று எழுதியவர்கள் உங்கள் வீட்டு வருமானத்தைப் பார்த்து அந்தக் கடனை அமைக்கவில்லை.

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி நம் அரசாங்கம் என்ன செய்தது? வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று பகிரங்கமாக அறிவித்தது. அதன் பிறகு சட்டத்தரணிகள், ஆலோசகர்கள், மேசை, பேச்சு. வட்டியைக் குறை, தவணையைத் தள்ளு, முதல் தொகையில் கொஞ்சம் வெட்டு என்று பேசி, 2024 டிசம்பரில் பிணைமுறி (அரசின் கடன் பத்திரம்) வைத்திருந்தவர்களோடு முடித்தார்கள். அதற்குப் பெயர் கடன் மறுசீரமைப்பு. யாரும் திறைசேரி வாசலில் இரவு எட்டரை வரை குந்தவில்லை. அதே நெருக்கடியில், 2022 செப்டெம்பரில், பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தைத் தொட்டது. அரிசி மாவும் காஸும் என்ன விலை விற்றது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாட்டின் வறுமை ஒரே வருடத்தில் 13 வீதத்திலிருந்து 25 வீதமாகியது என்று உலக வங்கி கணக்கிட்டது. உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது ஊழியர் சேமலாப நிதியும், அதாவது தொழிலாளரின் ஓய்வுக்காலச் சேமிப்பும், சுமையில் பங்கெடுக்க வேண்டியிருந்தது. அந்த வருடத்திலும் நீங்கள் ஒரு தவணை பிந்தாமல் கட்டினீர்கள். இதையெல்லாம் எழுதுவது உங்களைக் கட்ட வேண்டாம் என்று சொல்ல அல்ல. பேசித் தீர்க்கும் உரிமை பெரிய கடன்காரருக்கு மட்டும் சொந்தம் இல்லை என்பதற்காக.

குழு விஷயத்துக்கு வருகிறேன். மற்றப் பெண்கள் உங்களுக்குப் பிணையாளர்களாக ஒப்பம் வைத்திருந்தால் கம்பனி அவர்களைச் சட்டப்படி கேட்கலாம், இது உண்மை. அதை மறைத்து ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் சென்டரில் அந்த இடத்திலேயே காசைச் சேர்த்துக் கட்டும்வரை யாரும் எழும்பக் கூடாது என்று மறித்து வைப்பதற்குச் சட்டம் இல்லை. உங்களைப் போல் இன்னும் இரண்டு பேர் தவணைக்குத் தடுமாறுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர்களோடு முதலில் கதையுங்கள். உத்தியோகத்தர் இல்லாத இடத்தில். 2021 இல் பொலன்னறுவை மாவட்டம் ஹிங்குராங்கொடையில் பெண்கள் கிழமைக் கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தது இந்த லோன்களுக்காகத்தான்.

பெர்மிட்டைக் கொடுக்காதீர்கள்

தரகர் சொல்லும் ஐந்து இலட்சத்துக்கு என் பதில், வேண்டாம். இப்போது உங்கள் கடன்களுக்குப் பின்னால் இருப்பது ஒரு கையெழுத்தும் வெட்கமும். அவற்றை ஒரு காணிக்கடனாக மாற்றினால் பின்னால் இருப்பது வீடு. அதோடு உங்களுடையது அரச காணி, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட். பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதைத் தனியாருக்கு ஈடு வைக்கவோ எழுதவோ முடியாது. எழுதினாலும் செல்லாது. தரகருக்கும் இது தெரியும். செல்லாத கடதாசியை வைத்துக்கொண்டு உங்களைக் காணியால் எழுப்ப முயல்கிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் பெர்மிட் நிபந்தனையை மீறினீர்கள் என்ற பிரச்சினையும் வரும். மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம். "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்றாலும்.

(இதை வாசிக்கும் வேறு யாராவது உறுதிக் காணியை, குறித்த காலத்துக்குள் மீட்கலாம் என்ற நிபந்தனையோடு வட்டிக்காரருக்கு எழுதிக் கொடுத்திருந்தால், அந்தக் காலம் முடிவதற்கு நன்றாக முந்தியே கடன் இணக்க சபைக்கு விண்ணப்பியுங்கள். காலம் கடந்தால் என்னாலும் அதிகம் செய்ய இயலாது.)

வெளிநாடு போவது உங்கள் முடிவு. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: முகவர் கையில் வைக்கும் முற்பணமும் ஒரு கடன்தான். இடையில் திரும்ப வேண்டி வந்தால் அதைத் திருப்பிக் கேட்பார்கள். மூத்தவளின் பரீட்சை வருடத்தில், மூன்று கம்பனியோடும் ஒன்றும் பேசி முடிக்காமல் போனால், தவணைக்காரர் அடுத்து நிற்பது அவளுக்கு முன்னால்.

2018 தள்ளுபடியைப் பற்றி: அது ஒரு தடவைக்கான திட்டம். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபா வரை லோன் எடுத்து, அப்போது மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்த பெண்களுக்கு. திருகோணமலையும் அதில் இருந்தது. 2021 இலும் அதற்குப் பிறகும் எடுத்த உங்கள் கடன்களுக்கு அது பொருந்தாது. அதை நம்பித் தவணையை நிறுத்தினால் தண்டவட்டி ஏறும், கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையிலும் பெயர் விழும். கிரிப்பில் விழுவது உலக முடிவு இல்லை. ஆனால் தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

இப்போது என்ன செய்வது

முதலில் வங்கி அட்டை. அடையாள அட்டையோடு வங்கிக்குப் போய் அட்டையை இரத்துச் செய்து புதியது எடுங்கள். அஸ்வெசும உங்கள் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசு, வட்டிக்காரரின் பிணை அல்ல. அவர் சத்தம் போடுவார். 50,000 வாங்கி 14 மாதமாக வட்டி மட்டும் 70,000 கட்டியிருக்கிறீர்கள், முதல் அப்படியே நிற்கிறது. 1918 ஆம் ஆண்டின் காசு கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. மிதமிஞ்சிய வட்டி என்றால் நீதிமன்றம் அந்தக் கொடுக்கல் வாங்கலையே திறந்து பார்க்கலாம். புரோநோட்டில் (கடன் உறுதிச் சீட்டு) கடன் தொகை, முன்கூட்டிக் கழித்த தொகை, வட்டி வீதம் மூன்றும் தனித்தனியே எழுதியிருக்க வேண்டும். வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்து அவருக்குத்தான் தலையிடி. "வழக்குப் போடுங்கள், அங்கே பேசுவோம்" என்று ஒரு சட்டத்தரணி மூலம் சொன்னால், அநேகமாக முதல் தொகையில் மிச்சம் எவ்வளவு என்று பேச வருவார்.

அடுத்து, ஒரு தாளில் வீட்டுக் கணக்கு. மீன் படும் மாதத்தில் 45,000 வரும், வாடையில் 20,000 வந்தாலே பெரிது என்கிறீர்கள். மூன்று கம்பனிக்கும் மாதம் 21,000 க்கு மேல் போகிறது. அப்படியென்றால் வாடையில் வருமானம் முழுவதையும் கொடுத்தாலும் போதாது, இதை நீட்டி முழக்கத் தேவையில்லை. சாப்பாடு, மின்சாரம், பள்ளிக்கூடம் கழித்து மிச்சம் எவ்வளவோ அதுதான் நீங்கள் கட்டக்கூடிய தொகை. அதற்கு மேல் வாய்ச்சொல் கொடுக்காதீர்கள். "அடுத்த கிழமை பார்ப்பம்" என்பதும் ஒரு வாய்ச்சொல்தான்.

அந்தத் தொகையை வைத்து மூன்று கம்பனிக்கும் எழுத்தில் கேளுங்கள்: கிழமைத் தவணைக்குப் பதில் மாதத் தவணை, வாடை மாதங்களில் குறைந்த தொகை, தண்டவட்டி நீக்கம், கட்டுகிற காசு முதலில் முதலுக்குக் கழிய வேண்டும். இதுவரை கட்டியதன் கணக்குக் கூற்றும் வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, சிட்டையைப் பத்திரமாக வையுங்கள். இனிமேல் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். பதில் வராவிட்டால், அல்லது தொந்தரவு தொடர்ந்தால், மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் பிரிவுக்கு 1935 இல் முறைப்பாடு செய்யலாம். திருகோணமலையில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. ஆனால் மத்திய வங்கியின் கீழ் வராத கம்பனி என்றால் அங்கே அதிகம் நடக்காது. அதற்குத்தான் முதலில் பெயர்ப்பலகையையும் பதிவிலக்கத்தையும் பாருங்கள் என்கிறேன்.

தாலிக்கொடிக்கு அவசரப்பட வேண்டாம். வங்கி அடகு வட்டி இந்த லோன்களோடு பார்த்தால் குறைவு. ஏலத்துக்குப் போகாமல் வட்டியைக் கட்டிப் புதுப்பித்தால் போதும். கழுத்து வெறுமையாக இருக்கிறது என்று ஊர் சொல்வது கஷ்டம்தான், ஆனால் அதற்காக இன்னொரு லோன் எடுத்துவிடாதீர்கள். பிறகொரு நாள் தலை நிமிர்ந்ததும், உங்கள் பகுதியில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறதா என்று விசாரியுங்கள். அங்கே வட்டியை உறுப்பினர்களே கூடித் தீர்மானிக்கலாம். இன்றைய பிரச்சினையை அது தீர்க்காது, அதனால் இன்றைக்கு அதைப் பற்றி விடுகிறேன்.

கணவரிடம் மூன்றாவது லோனைச் சொல்ல வேண்டும். கோபப்படுவார் என்று பயப்படுகிறீர்கள். அடிக்கிறவர் இல்லை என்று எழுதியிருப்பதால் துணிந்து சொல்கிறேன்: மேலே சொன்ன கணக்குத் தாளை எழுதி முடித்த பிறகு, அந்தத் தாளோடு சொல்லுங்கள். வாசலில் வந்து நிற்பவன் வாயால் அவர் கேள்விப்படுவதை விட அது நல்லது. தனியே சொல்லப் பயமாக இருந்தால் அவருடைய அக்காவை, நீங்கள் நம்பிக்கையாகச் சொல்லும் அந்த மச்சாளையே, பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, தேவைப்பட்டால் அதுவும் இருக்கிறது.

சட்டத்தரணிக்குக் காசு இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். சட்ட உதவி ஆணைக்குழு 1978 முதல் இருப்பதே அதற்குத்தான். வருமானம் குறைந்தவர்களுக்கு ஆலோசனையும், வழக்கென்றால் சட்டத்தரணியும் கட்டணமின்றிக் கிடைக்கும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகமும் திருகோணமலையில் உண்டு, பொலிஸ் முறைப்பாட்டை எடுக்காமல் விட்டால் அங்கே போகலாம். மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வந்து போக ஒரு நாள் இடியப்ப வருமானம் போகும், தெரியும். அதனால் ஒரே தடவையில் எல்லாம் முடிய, மூன்று கம்பனியின் தவணைப் புத்தகங்கள், ஒப்பந்தங்கள் இருந்தால் அவை, அடகுச் சீட்டு, காணிப் பெர்மிட்டின் போட்டோப் பிரதி (மூலம் வீட்டில் இருக்கட்டும்), அடையாள அட்டை, நீங்கள் எழுதும் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். குழுவில் உள்ள மற்ற இரண்டு பேரையும் கூட்டி வந்தால் மூன்று பேருடைய கடிதங்களையும் ஒரே நாளில் எழுதிவிடலாம்.